மரியாயி தைத்த சுவர்

— சிரிக்காத ஷெனாலி. மாதா மேல ஆணையா சொல்றேன். எங்க வீட்டு மரியாயி கால் மெஷின்ல உக்காந்து மூணு சுவரு தச்சா. கல்லு இல்ல, சிமெந்து இல்ல, நூலு மட்டும்தான். அதுல ஒரு சுவரு, இந்தா, சுவரு கட்டுற இந்த புஹாரி பாஸ் மாதிரி ஒரு மாமிச மலைய, பட்டப்பகல்ல, ஒரு அங்குலம் முன்னால போக விடாம நிப்பாட்டி வச்சிருச்சு.

— 'மாதிரி'ன்டு என்னத்துக்குடா இழுக்கிற, இஞ்ஞாசி? என்னையத்தானே சொல்ற. மகள், இவன்ட கதைய நம்ப வாணாம். பஸ்ல கொண்டக்டரா ஈந்த காலத்துலயும் இப்படித்தான். மூச்சு விட எடம் இல்லாத பஸ்ல நின்டுக்கிட்டு, 'பின்னால காலியா ஈக்கிது, பின்னால போங்க'ன்டு கத்துவான்.

— எடம் இருந்திச்சு பாஸ். ஆளுங்களுக்குத்தான் மனசு இல்ல.

— மாமா, நீங்களும் பாஸும் ஆற அமர சண்ட போடுங்க. எனக்கு பல்லேகம பஸ் எப்ப வரும்னு மட்டும் சொல்லுங்க.

— அது வர்றப்ப வரும் பிள்ள. இன்னைக்கு இனிமே ஒரே ஒரு பஸ்தான். அதென்ன பேக்கு, இவ்வளவு பெருசா?

— உடுப்பு.

— அம்மா வீட்டுக்கா? எத்தன நாளைக்கு?

— எல்லா உடுப்பும் இருக்கு மாமா.

— ரொமேஷுக்கு தெரியுமா?

— வேலையால வந்து பாப்பாரு. அல்மாரியில என் தட்டு காலியா இருக்கும். அதுவும் மாமியோட அல்மாரிதான், எனக்கு அதுல ஒரே ஒரு தட்டு. கல்யாணம் கட்டி வந்த நாள்லேருந்து நான் கதவுக்குப் பின்னால நின்னுதான் உடுப்பு மாத்துறேன். அந்தக் கதவும் வாசக்கதவு! ஒரே ஹோல். அதுக்குள்ள மாமி, மாமனாரு, ரெண்டு கொழுந்தன்மாரு, டீவி, அப்புறம் நாங்க. கொழுந்தன்மாரு கெட்ட பிள்ளைங்க இல்ல. ஆனா தட்டத் தெரியாது, இருமத் தெரியாது. தலைய சீவிக்கிட்டே வந்து முன்னால நிப்பானுங்க. எனக்கு முடியல மாமா.

— நான்தான் சொல்லி ஈக்கிறேனே மகள், ஒங்களுக்கு ஒரு ரூம கட்டித் தாரேன்டு.

— நீங்க சொன்னத நான் சொல்லவா பாஸ்? மொதல்ல 'செங்கல் வரட்டும் மகள்'. செங்கல் வந்திச்சு. அப்புறம் 'மழை விடட்டும் மகள்'. மழையும் விட்டிச்சு. அப்புறம் 'முட்டி வலி மகள்'. இப்ப அந்தச் செங்கல்ல பாசி புடிச்சிருச்சு. சின்னக் கொழுந்தன் அதுக்கு மேல உக்காந்துதான் ஃபோன் பாக்குறான்.

— முட்டி வலி உள்ளதுதான்.

— ஒன் முட்டிக்கு பொறவு வருவோம் பாஸ். ஷெனாலி, பேக்க கீழ வை, கை வலிக்கப் போகுது. நீ போறதுன்னா போ, நான் தடுக்கல. ஆனா மரியாயி தச்ச சுவரப் பத்திக் கேக்காம இந்த பஸ் ஹோல்ட்டுல இருந்து யாரும் பஸ் ஏறினதில்ல. ரைட்! போன வருசம் மண்ணு சரிஞ்சிச்சே. மலையே எறங்கி வந்து, 'இஞ்ஞாசி, ஒன் குசினிய தா'ன்னு கேட்டிச்சு. குடுத்துட்டோம். சமைக்கிற குசினி, பின்பக்கத்து ரூமுங்க, கோழிக்கூடு, எல்லாம் போச்சு.

— கோழிக்கூடு போகல்ல. அது ஒன்ட வீட்டு முன்னுக்கு ஈக்கிது.

— கூடு இருக்கு பாஸ். கோழி பயத்துல முட்ட போடுறத விட்டிருச்சு. அப்ப கூடு இருந்தென்ன, போனாயென்ன? ரைட், மிஞ்சினது முன் ஹோலு மட்டும். அதுக்குள்ள நான், மரியாயி, மகன் கிறிஷாந்த், அவன் பொஞ்சாதி, கைப்பிள்ள, எங்க கடைக்குட்டி டிலுக்ஷி. அவளுக்கு ஏ.எல். பரீட்ச வருது. கைப்பிள்ள அழுவுது, நான் கொறட்ட விடுறேன்...

— அது கொறட்ட இல்ல மகள். லொறி மேடு ஏறுற சத்தம்.

— ஒரு நாள் டிலுக்ஷி பேக்க கட்டிட்டா. இதே மாதிரி.

— இவ்வளவு பெருசா மாமா?

— இதவிட! ஆனக்குட்டி ஒண்ண உள்ள போட்டு சிப்ப இழுத்துறலாம்.

— பள்ளிக்கூட பேக்கு மகள்.

— 'கொழும்புக்கு கார்மண்ட் வேலைக்கு போறேன்'னா. மரியாயி, 'படிக்க எடம் இல்லன்னா கோயில் விறாந்தையில போய் படி'ன்னா. அதுக்கு அந்தப் பிள்ள சொல்லிச்சு, 'படிக்க எங்க வேணும்னாலும் போவேம்மா. இந்த வீட்டுல எனக்கு அழுறதுக்கு ஒரு மூல இல்ல.'

— அந்தப் பிள்ள சொன்னது சரிதான் மாமா. அப்புறம்?

— மரியாயி அன்னைக்கே என்னைய பாஸ்கிட்ட அனுப்பினா. பாஸ் வந்தாரு. மண்ண கையில எடுத்தாரு. மோந்து பாத்தாரு. மாம்பழம் வாங்குறவன் மாதிரி அமுக்கிப் பாத்தாரு. 'இதுல சுவரு வைக்க ஏலாது'ன்னுட்டாரு.

— ஏலாதுதான்! சரிஞ்ச மண்ணு எறுகாம அதுல கல்லு வச்சா, அந்தக் கல்லும் சரியும். அது தொழிலு. நாப்பது வருசமா சுவரு கட்டுறேன்.

— ஒன்ன நான் கொற சொல்லல பாஸ். மரியாயி அதுக்கு என்ன பதில் சொன்னா? அத சொல்லு.

— அவ பொம்பள வாய்க்கு வந்தத சொன்னா.

— சொல்லு பாஸ்.

— 'தரையில நிக்க ஏலாட்டி, கூரையில தொங்கட்டும்'ன்டு சொன்னா.

— கேட்டியா ஷெனாலி! தொங்குற சுவரு! ஒலகத்துல எந்த இஞ்சினியருக்காவது வந்த யோசனையா? மறுநாளே துணி தேட கெளம்பிட்டா. அவ சேலைங்க, என்னோட பழைய காக்கிச் சட்டைங்க, மாதா திருவிழா தோரணத்துல மிஞ்சின லேசு, கிறிஷாந்தோட கிழிஞ்ச ஜீன்ஸ். அதுவும் பத்தல. எலெக்ஷன் முடிஞ்ச நேரம், மதகு பக்கத்துல பேனர் ஒண்ணு விழுந்து கெடந்திச்சு, கட்டில் அகலத்துக்கு. தோத்துப்போன ஒரு ஐயா, கைய கூப்பிக்கிட்டு சிரிக்கிறாரு. மரியாயி அவர அப்படியே சுருட்டி தலையில வச்சு தூக்கிட்டு வந்துட்டா.

— ஐயோ மாமா! அந்த மொகத்தையா வீட்டுல தொங்க விட்டாங்க?

— வெளிய தெரியாது பிள்ள. ரெண்டு சேலைக்கு நடுவுல அவருதான் முதுகெலும்பு. இப்பவும் உள்ள சிரிச்சிக்கிட்டுத்தான் இருக்காரு. ஜெயிச்சிருந்தாக்கூட ஒரு வீட்டுக்கு இவ்வளவு உழைச்சிருக்க மாட்டாரு.

— இது ஒண்டு மட்டும் இவன் சொன்னதுல உள்ளது, பொய்யில்ல.

— சத்தம் போகக் கூடாதுல்ல? அதுக்கு எலவம் பஞ்சு. பள்ளத்து மரத்துல காய் வெடிச்சு ஊரெல்லாம் பறக்குது, யாரு கேக்குறா? சேலைக்கும் பேனருக்கும் நடுவுல பஞ்ச தெணிச்சு, சுத்தி தச்சு, தொங்க விட்டா. அழகுன்னா அழகு. காலையில எந்திரிச்சு பாக்குறோம், சுவரு ஏழு மாசம்!

— என்ன மாசம்?

— பஞ்செல்லாம் கீழ எறங்கி சுவருக்கு வயிறு தள்ளிருச்சு பிள்ள! கிறிஷாந்த் பொஞ்சாதி சிரிச்சு சிரிச்சு கைப்பிள்ளைய என் கையில குடுத்துட்டு வெளிய ஓடிட்டா. இந்தப் பெரிய மனுசனும் அன்னைக்குன்னு பாத்து வந்தாரு. 'மரியாயி, மருத்துவிச்சிய கூப்பிடவா'ன்னு கேட்டாரு.

— கேட்டேன். பொய் சொல்ல மாட்டேன். நல்லா சிரிச்சேன்.

— அவளுக்கு வந்திச்சே கோவம்! நேரா போய், பாஸ் கட்டின மதிலு இருக்குல்ல, நம்ம வாசிகசாலை பக்கம், அதுக்கு முன்னால போய் நின்னா. பாத்தா. பாத்துக்கிட்டே இருந்தா. ஒரு மாடு வந்து இவள சுத்திப் போச்சு, கம்பம்னு நெனச்சு.

— மாடெல்லாம் வரல்ல.

— சரி, ஆடு. திரும்பி வந்து எல்லாத் தையலையும் பிரிச்சா. பஞ்ச கட்டம் கட்டமா அடைச்சு, கட்டத்துக்குக் கட்டம் தச்சா. எப்படி? ஒரு வரிசையில ரெண்டு கட்டம் சேருற எடத்துக்கு மேல, அடுத்த வரிசையில கட்டத்தோட நடு வார மாதிரி. செங்கல் அடுக்கிற மாதிரியே! பஞ்சு ஒரு மயிரிழ எறங்கல. அதே மாதிரி இன்னும் ரெண்டு தச்சு, ஹோலு ஓரத்துல டிலுக்ஷிக்கு ஒரு ரூமே ஆக்கிட்டா. பாஸ், நீ வந்து பாத்துட்டு என்ன சொன்ன?

— என்னத்த சொன்னேன்?

— சொல்லல. அதான் சொல்ல வாறேன். விரல வச்சு ஒவ்வொரு தையல் மூட்டா தடவிப் பாத்துட்டு, தேத்தண்ணிகூட குடிக்காம போயிட்ட.

— மூட்டு சரியா ஈந்திச்சி. சரியா ஈக்கிறதுக்கு என்னத்த சொல்ல?

— ஷெனாலி, இந்தாளு வாயில இருந்து இது வந்தா, மத்தவங்க வாயில இருந்து வானவேடிக்க வந்த மாதிரி.

— அது சரி மாமா, அடி பறக்காதா? எங்க பக்கம் காத்து ஆளையே தூக்குமே.

— நல்லா கேட்ட! கீழ் மடிப்புல நீளமா பை மாதிரி தச்சு, அதுக்குள்ள மண்ணு ரொப்பினா. எந்த மண்ணு? எங்க குசினிய தின்ன அதே மண்ணு! சலிச்சு, காய வச்சு, பைக்குள்ள அடைச்சா. எங்கள அமுக்க வந்த மண்ணு இப்ப எங்க சுவர புடிச்சிக்கிட்டு நிக்குது. ஜீன்ஸ் பையெல்லாம் வெட்டி உள்பக்கத்துல வரிசையா தச்சா. பேனைக்கு ஒண்ணு, சீப்புக்கு ஒண்ணு, பாடக் கொப்பிக்கு ஒண்ணு. திருவிழா லேசுல ஒரு ஜன்னலு. கண்டியில இருந்து ஆளுங்க பஸ்ஸு பஸ்ஸா வந்து பாத்தாங்க.

— ஒரு ஆளு. அதுவும் எடம் மாறி எறங்கின பொம்பள, தண்ணி கேக்க வந்தா.

— வந்தாளா இல்லையா? பாத்துட்டு ஃபோட்டோ எடுத்தாளா இல்லையா? ரைட், இனிமே எம்பங்கு. எனக்கு வீட்டுல தர்ற ஒரே வேல, 'கொஞ்சம் தள்ளி உக்காருங்க'. ஆனா சுவர தொங்க விட குழாய் வேணும்ல? ஒடைக்கப் போட்டிருந்த ஒரு பழைய பஸ், நான் வாழ்நாள் முழுக்க தொங்கின பஸ், அதுல இருந்து கைபிடிக் குழாய்ங்கள கேட்டு வாங்கிட்டு வந்தேன். கூட அந்த பெல்லையும் கயிறையும்.

— பெல் எதுக்கு மாமா?

— துணிய எப்படி பிள்ள தட்டுறது? அதான் டிலுக்ஷி ரூமு வாசல்ல கயிறு. வெளிய நிக்கிறவங்க ஒரு தரம் இழுக்கணும். ஒரு பெல்லுன்னா பஸ் நிக்கணும்ல? நீயும் நில்லு. உள்ள இருந்து அவ ரெண்டு தரம் இழுத்தா, ரைட், வரலாம். ரெண்டு பெல் வரலன்னா யாரா இருந்தாலும் வெளியதான். அப்பன், அண்ணன், பங்குச் சாமியாரு, யாரா இருந்தாலும். இது மரியாயி போட்ட சட்டம்.

— எங்க வீட்டுலயா? எங்க மாமி அத கொடியில காயிற துணின்னு நெனச்சு மடிச்சு வச்சிருவாங்க. கொழுந்தன்மாரு பெல்ல அடிச்சு வெளையாடுவானுங்க, துணிய தூக்கிட்டு உள்ள வருவானுங்க. துணி துணிதான் மாமா. அழகா இருக்கும், நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஒரு ஆள நிப்பாட்டுமா?

— அதத்தானே மகள் நானும் சொல்றேன். துணி துணிதான்.

— நிப்பாட்டிச்சே பாஸ், ஒன்னைய!

— பொய்யி.

— ரைட், கேளு பிள்ள. குழாய் நேரா தொங்கணும்னு மரியாயி பாஸ்கிட்ட தூக்குக்குண்டு எரவல் வாங்கினா. நூலுல கட்டித் தொங்க விட்டு சுவரு நேரா நிக்குதான்னு பாப்பாங்களே, அது. சாதாக் குண்டு இல்ல. பித்தள.

— என்ட வாப்பாட குண்டு அது. வாப்பா அத தொங்க விட்டு கட்டின பள்ளிவாசல் சுவரு இன்னமும் ஒரு நூலு சாயாம நிக்கிது. வேற குண்டால நான் ஒரு கல்லு வைக்க மாட்டேன் மகள். மரியாயி கேட்டதுக்காகத்தான் குடுத்தேன். துணிக்கு தூக்குக்குண்டு கேட்ட மொத பொம்பள அவதான்.

— குடுத்துட்டு, திருப்பி எடுக்க ஒரு நாள் பகல்ல வந்தாரு. வீட்டுல யாரும் இல்ல, டிலுக்ஷி மட்டும் ரூமுக்குள்ள. குண்டும் உள்ளதான் தொங்குது. நான் கொய்யா மரத்துக்கு அங்கிட்டு, வேலிய கட்டிக்கிட்டு இருக்கேன், தொறந்த வாசல் நேரா தெரியுது. பாஸ் ரோட்டுல இருந்தே, 'மரியாயி! குண்ட தா!'ன்னு கத்திக்கிட்டு புயல் மாதிரி வந்தாரு. நேரா ஹோலுக்குள்ள. கயித்த ஒரு இழு. டிங்! அவ்வளவுதான். கல்லு மாதிரி நின்னாரு. சூரியன் எறங்கிச்சு. கோழி அடைஞ்சிச்சு. மனுசன் நிக்கிறாரு.

— கோழியெல்லாம் அடையல்ல. நான் துணிய தூக்கினேன், உள்ளுக்கு போனேன், குண்ட எடுத்தேன், வந்தேன். முடிஞ்சி.

— தொப்பிய கழட்டி கையில வச்சிக்கிட்டு நின்னியே பாஸ், அது?

— தொப்பிக்குள்ள எறும்பு.

— அப்புறம் பூன நடக்குற மாதிரி பின்னாலயே நடந்து வந்தியே?

— முட்டி வலி.

— முட்டி வலிச்சா பின்னால நடப்பாங்களா பாஸ்?

— மகள், நீங்களும் இவனோட சேர வாணாம். நான் உள்ளுக்கு போய் குண்ட எடுத்துட்டுத்தான் வந்தேன். ஊருக்கே தெரியும். மரியாயிக்கிட்டயும் சொல்லிட்டேன், 'எடுத்துக்கிட்டேன்'ன்டு.

— அந்தா வளைவுல ஹோர்ன் சத்தம். பஸ் வந்திருச்சு மாமா. நான் வாறேன். மரியாயி அத்தைக்கு நான் ரொம்ப மெச்சினேன்னு சொல்லுங்க. உண்மையாவே. வந்து பாக்க ஆசதான்.

— மல்லி! பொட்டக் இரு, கொஞ்சம் நில்லு தம்பி! இந்தப் பிள்ள ஏறணும்... ஏறுதோ இல்லையோ, ஒரு நிமிசம் இரு மல்லி! நான் யாருன்னு தெரியும்ல? இந்த ரூட்டுல ஒனக்கு முன்னால பெல் அடிச்சவன்!

— பாஸ், ஏற முன்னால ஒன்னே ஒன்னு கேக்கவா?

— கேளுங்க மகள்.

— வேற குண்டால கல்லு வைக்க மாட்டேன்னீங்க.

— ஓ. வைக்க மாட்டேன்.

— அந்த ரூமுல இருந்து குண்ட எடுத்துட்டு வந்துட்டேன்னீங்க.

— ...ஓ.

— செங்கல் இருக்கு. மழை இல்ல. முட்டி வலியோட நேத்து எங்க வீட்ட தாண்டி மலைக்கோயில் மேடு வரைக்கும் நடந்தீங்க, நான் பாத்தேன். குண்ட எடுக்கப் போன நாள்ல இருந்து நீங்க யார் வீட்டுலயும் ஒரு சுவரு கட்டல பாஸ். அந்தக் குண்டு எங்க இருக்கு?

— மகள், பஸ் நிக்கிது.

— நிக்கட்டும். நான் பல்லேகமைக்கு போய் அம்மா வீட்டுல இருந்துக்குவேன். ஆனா துணி ஒரு ஆள நிப்பாட்டும்னா, நான் ஏன் போகணும்? மாமா சொன்னா நம்ப மாட்டேன். அவரு கோழிய வச்சே ரெண்டு பொய் சொன்னாரு. நீங்க சொல்லுங்க. எங்க பாஸ் குண்டு?

— சொல்லு பாஸ். நான் வாய தொறக்க மாட்டேன். மல்லி, ஹோர்ன் அடிக்காத!

— டேய் இஞ்ஞாசி, ரெண்டு பெல் அடிக்கச் சொல்லு, பஸ் போகட்டும். மகள், பேக்க எறக்குங்க. நான் ஒரு தரம் இழுத்தேன். உள்ளுக்கு அந்தப் பிள்ள அழுதுக்கிட்டு ஈந்திச்சி. வாய பொத்திக்கிட்டு அழுற விம்மல் மட்டும் துணியால கேட்டிச்சி. தூக்கினா ஒரு கையளவு துணி, அவ்வளவுதான். எத்தன வீட்டுல நானே கட்டின ரூமுக்குள்ள தட்டாம போய் ஈக்கிறேன், என்ட மகள் றுஸைனாட ரூமுக்குள்ளயும். அன்டைக்கு கை எழும்பல்ல. ரெண்டு பெல் வருமாண்டு நின்டேன். வரல்ல. சுவருல தலைய முட்டின மாதிரி திரும்பி வந்துட்டேன். குண்டு இன்னமும் உள்ளுக்குத்தான் தொங்குது மகள். நாப்பது வருசம் கல்லு வச்சவன ஒரு சேல நிப்பாட்டிச்சின்டு எப்படி சொல்றது? எடுத்துக்கிட்டேன்டு சொன்ன வாயால குண்ட திருப்பிக் கேக்கவும் ஏலல்ல, அதான் முட்டி வலின்டேன். ஓ, இவன் சொன்னது உள்ளதுதான், கோழிய தவிர. வாங்க, இவன்ட வீட்டுக்கு போவோம், இன்டைக்கு நீங்க இழுங்க அந்தக் கயித்த. ரெண்டு பெல் வந்தா நான் குண்ட எடுத்துக்கிறேன், ஒங்கட ரூமுக்கு. வராட்டி, அன்டைக்கு மாதிரி வெளியதான் நிப்பேன்.